வலது ஓரத்துப் பட்டன்

“ம்” என்றார் அவர். சங்கரவடிவு எட்டி அமுக்கினாள். திரை ஒருதரம் கறுத்து வெளுத்தது, புதுப் பக்கம் வந்து நின்றது. அமுக்குவதில் ஒன்றுமில்லை, எட்டுவதில்தான் இருக்கிறது எழவு. கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, அவருக்கு வலது கைப்புறம் சுவர், அதனால் அவள் இடது பக்கத்தில்தான் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார முடியும். அவர் மடியில் தலையணை, தலையணை மேல் சிலேட்டு. பரணி அதற்கு என்னவோ பேர் சொன்னான், அவளுக்கு அது சிலேட்டுதான். நூறு புத்தகத்தை உள்ளே போட்டு, அங்கே டொரன்டோவிலேயே எழுத்தையெல்லாம் பெரிசு பண்ணி, ஊருக்கு வருகிற கூட்டாளி ஒருத்தன் கையில் குடுத்தனுப்பியிருந்தான். அப்பாவுக்கு விரல் நடுங்கும், தொட்டால் திரும்புகிற ரகம் சரிப்படாது, பட்டன் வைத்ததாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று போனில் பெருமை வேறு. பெத்த பிள்ளைக்கு அவ்வளவு கரிசனம். அந்தப் பட்டன் இரண்டையும் செய்தவன் கொண்டுபோய் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கிறானே, அதைப் பார்த்தானா? மேலே இருப்பது அடுத்த பக்கத்துக்கு, கீழே இருப்பது முந்தின பக்கத்துக்கு, இரண்டும் ஒரு நெல் அகலம். கையில் பிடித்து வாசிக்கிறவனுக்கு வலது கட்டைவிரல் தானாகப் போய் அதன்மேல் உட்காருமாம். இவருக்கு அந்தக் கட்டைவிரல் போய் அஞ்சு மாசமாகிறது. வலது கை தோளோடு, வலது கால், வாயில் பாதி, பேச்சில் முக்கால்வாசி, எல்லாம் ஒரே காலையில் காப்பி ஆறுவதற்குள் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் அவள் அவர் மார்புக்குக் குறுக்கே வளைந்து, இடுப்பு பிடிக்க, கையை நீட்டி, விரல் நுனியால் அமுக்கினால் நகம் வழுக்குகிறது என்று விரலின் வயிற்றை வைத்து அமுக்க வேண்டும். தேங்காய் துருவியே வீங்கிப்போன மூட்டு அது. எழுத்துப் பெரிசாக இருக்கிறதால் பக்கத்துக்கு நாலு வரிதான் வருகிறது. நாலு வரிக்கு ஒருதரம் ம். நாலு வரிக்கு ஒருதரம் அவர் மேலுக்குத் தேய்த்த வாத எண்ணெய் வாடை மூக்கில் ஏற வளைய வேண்டியது. “ம்” என்றார். அமுக்கினாள்.

இந்த ம் ஒன்றும் வாதம் வந்து முளைத்த ம் இல்லை. இது முப்பத்தெட்டு வருஷத்து ம். மூளையில் பேச்சு இருக்கிற இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டது, பழகித் தேய்ந்த சத்தங்கள் மட்டும் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னபோது அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடப்பாவி மனுசா, உள்ளே அத்தனையும் வெந்து தணிந்த பிறகும் மிச்சம் நின்றது இதுதானா என்று இருந்தது. கல்யாணமாகி இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்த முதல் வாரமே அந்த ம் ஆரம்பமாகிவிட்டது. நெல்லைநாயகம் பிள்ளைக்கு வாசிக்காமல் சாப்பாடு இறங்காது. தண்ணிச் செம்பில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காருவார். பக்கம் முடிந்தால் திருப்ப வேண்டுமே, வலது கை எச்சில், இடது கை பீச்சாங்கை. “எச்சிக் கையாலயும் தொடக்கூடாது, பீச்சாங்கையாலயும் தொடக்கூடாது. சரஸ்வதில்லா” என்று அவர் சொன்னபோது அவளுக்கு மெய்யாகவே மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. படிப்பின் மேல் இத்தனை பக்தியா, நாம் கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள், வேறென்ன, மூதேவி. அன்றையிலிருந்து அவள் வேலை அதுதான். கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, எதிரே குனிந்து நின்று, ம் என்றதும் வலது கையால் ஒரு தாளைத் திருப்ப வேண்டும். தலை நிமிராது. திருப்பக் கொஞ்சம் தாமதமானால் மோதிர விரல் தட்டு விளிம்பில் டங் டங் என்று அடிக்கும். தரையிலிருந்து மேஜைக்கு மாறினார்கள், செம்பு போய் பிளாஸ்டிக் ஜக்கு வந்தது, ம் மாறவில்லை. எதிரே நிற்பதால் எழுத்தெல்லாம் அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரியும். என்ன கதை என்று ஒருநாள் கேட்டாள். உனக்கு எதுக்கு என்றார். அவ்வளவுதான், சண்டைகூட இல்லை. காய்ச்சலோடு நின்ற நாள், கண் இருட்டிக்கொண்டு வந்து இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டாள், தட்டு பறந்து அவள் முழங்காலில் பட்டு ரசம் பாவாடைக்குள் இறங்கியது. பரணி வயிற்றில் நிறைசூலாக இருக்கையில் நின்ற இடத்திலேயே வலி சுருக்கென்று பிடித்தது. என்னங்க என்றாள், அவளாகக் கூப்பிட்டது அன்றைக்கு ஒருநாள்தான் இருக்கும். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, இன்னும் நாலு பக்கந்தான் என்றார். நாலு பக்கத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள். நாலாவது பக்கத்தில் படம் ஒன்று போட்டிருந்தது, குதிரை மேல் ஒருத்தன், தலைகீழாக. அந்தக் குதிரையின் கால்கள் மேல்நோக்கி உதைத்துக்கொண்டிருந்தது இப்போதும் அவளுக்குக் கண்ணில் நிற்கிறது.

“ம்.” வளைந்தாள், அமுக்கினாள். வளையத் தேவையில்லை என்பதுதான் விஷயம். இது அவளுக்கும் பரணிக்கும் மட்டும் தெரியும். சிலேட்டு வந்த ரெண்டாவது வாரமே இடுப்பு வலி தாங்காமல் போனில் அவனிடம் அழுதாள். அவன் சிரித்தான். அம்மா, அதைத் தலைகீழாத் திருப்பி வையேன், எழுத்தும் கூடவே திரும்பிக்கிடும், பட்டன் இடது ஓரத்துக்கு வந்திரும், அப்பாவே இடது கையால அமுக்கிக்கிடலாம் என்றான். இடது கைக்கு ஒன்றும் கேடில்லை, ஈயெல்லாம் விரட்டுகிறார், போர்வையை இழுத்துக்கொள்கிறார். சரிப்பா என்று போனை வைத்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிலேட்டைத் திருப்பிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான், எழுத்துகள் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சுற்றி நேராக நின்றன. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து பழையபடி வைத்தாள். எப்படியும் பீச்சாங்கையால் அவர் தொட மாட்டாரே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்குத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதில் உண்மையும் உண்டு. இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் தட்டிவிடுகிறார், வாயை இறுக்கிக்கொள்கிறார், மூணு வேளையும் அவள்தான் பிசைந்து ஊட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவு ஆசாரக்காரர் புத்தகத்தைத் தொடுவாரா. ஆனால் சமாதானம் எத்தனை நாளைக்கு? அப்புறம் அவளுக்கே தெரிந்துவிட்டது, ஆசாரத்துக்காக இல்லை. பிடித்திருக்கிறது. அவர் கண் கடைசி வரிக்கு வந்து, ஓரத்துக்கு ஓடி, பட்டனைப் பார்த்து, அவள் கையைப் பார்த்துக் காத்துக்கிடப்பது பிடித்திருக்கிறது. வலி வலிதான், இடுப்பு ராவெல்லாம் இழுக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அந்த ஒரு நொடிக்காக நாளைக்கு நூறு தரம் வளையலாம் போலிருந்தது. சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று அடுப்படியில் நின்று கேட்டுக்கொள்வாள். பொம்பளைதான் என்று பதிலும் வரும்.

இதில் அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. பக்கத்தில் உட்காருவதால் எழுத்து அவளுக்கும் நேராகத் தெரிந்தது. பத்தாங்கிளாஸ் வரைக்கும் படித்த கண்தானே, முதலில் நாலு வார்த்தை, அப்புறம் நாலு வரி, இப்போது அவர் முடிப்பதற்கு வெகு முன்னாலேயே அவள் முடித்துவிடுகிறாள். முடித்துவிட்டு அவர் கண் ஒவ்வொரு வார்த்தையாக முட்டி முட்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதுக்குத்தானா என்னை அம்புட்டு நாள் நிக்க வச்சீரு, இந்த வேகத்துக்குத்தானா. சில நாள் அவர் கடைசி வரிக்கு வருமுன்னேயே அமுக்கிவிடுவாள். அவர் ம்ஹூம் என்பார். ஓ, முடிக்கலியா என்று கீழ்ப் பட்டனை அமுக்குவாள். சில நாள் கதையில் கத்தியை ஓங்கின இடத்தில் எழுந்து பால் வைக்கப் போய்விடுவாள். இந்தக் கதை விஷக் கதை. ஒரு மாளிகை, இரண்டு அண்ணன் தம்பி, தம்பிக்குப் பாலில் விஷம் வைத்தது யார் என்று தேடுகிறார்கள். அண்ணன் பெஞ்சாதி பூங்கொடி மேல் அவளுக்குச் சந்தேகம், பிறகு இல்லை என்று தோன்றிற்று, பிறகு பாவம் என்று இருந்தது. போன வாரம் பூங்கொடி கிணற்றுச் சுவரில் ஏறி நிற்கிற இடத்தில் அடுப்பைப் பார்க்கப் போனவள், காய்காரி வந்து, பேச்சு நீண்டு, திரும்ப வந்து பார்த்தால் பூங்கொடி போலீஸ் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கிணற்றைக் காணோம். எப்படி இறங்கினாள், யார் இறக்கினது, ஒன்றும் தெரியவில்லை. தன் விரல்தான் கூடக் கூட அமுக்கிவிட்டது போலும் என்று கீழ்ப் பட்டனைத் தொடப் போனபோது அவர் ம்ஹூம் என்று கோபமாகத் தலையாட்டினார். ஒரு வரி தவறினால் சண்டைக்கு வருகிற மனுசன், அவ்வளவு பக்கம் தாண்டிப் போனதற்கு ஒன்றும் சொல்லவில்லையே என்று அன்றைக்கு லேசாக இடறியது. சரி, வாதம் வந்த மூளை, அது கிணற்றைத் தாண்டுமோ கடலைத் தாண்டுமோ, யார் கண்டது. பிறகு அதை மறந்துவிட்டாள்.

மறக்க முடியாதது வேறு. எஸ்தர் என்று ஒரு பிள்ளை, பேச்சுப் பயிற்சிக்கு வாரத்தில் ரெண்டு தரம் ஸ்கூட்டியில் வருகிறவள், சின்ன வயசு, கெட்டிக்காரி. ஆன்ட்டி, அங்கிள் ம்-னு சொன்ன உடனே ஓடாதீங்க, ஒரு வார்த்தை சொன்னாத்தான் செய்வேன்னு நில்லுங்க, அப்பத்தான் மூளை வழி தேடும் என்றாள். திருப்பு என்கிற வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். நல்லதாகப் போயிற்று, வடிவுக்கு அதிகாரமே வந்த மாதிரி. தண்ணி என்று வருகிறது அவருக்கு. போ வருகிறது, சனியன் வருகிறது, அதெல்லாம் சுத்தமாக வருகிறது. அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அவர் தங்கச்சி செண்பகம் அம்பாசமுத்திரத்திலிருந்து முறுக்குச் சம்படத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணாச்சி என்று கையைப் பிடித்தாள். அவர் வாய் ஒருமாதிரி கோணிற்று, உதட்டில் எச்சில் கட்டிற்று, செம்பா என்று அவள் பேரைச் சொன்னார். எல்லாருக்கும் கேட்டது. செண்பகம் அழுது, எஸ்தர் கைதட்டி, வீடே கல்யாண வீடாகிவிட்டது. வடிவு அடுப்படியில் நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் வாடை வருகிற வரைக்கும் நின்றாள். இந்த மனுசன் ஒருநாள், ஒரே ஒருநாள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? இந்தா. ஏளா. அடுப்படியில யாரு. பரணி பிறந்த பிறகு அவன் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார். ஆத்திர அவசரத்துக்குக்கூட வடிவு என்று வந்ததில்லை. ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறார், எழுதத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. செத்துப்போய்விட்டால் அப்புறம் யார் சொல்வார்கள், அல்லது ஒருநாள் வாய் முழுசாகத் திறந்துகொண்டால் முதல் வேலையாகச் சனியன் என்றுதான் ஆரம்பிப்பாரா? அன்றைக்கு முடிவு பண்ணினாள். எஸ்தர் சொல்லிக்கொடுத்த திருப்பு வேண்டாம். தன் பேர் வேண்டும். பேர் வந்தால் பக்கம் வரும்.

கேட்டுத்தான் பார்த்தாள், தினம் கேட்டாள், அவர் ம் என்பார், அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு இரக்கப்பட்டு அமுக்கிவிடுவாள். இன்றைக்கு அப்படி விடுவதற்கில்லை, இன்றைக்குக் கதை முடிகிறது. மாளிகை ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்தாகிவிட்டது, பால் தம்ளரை மேஜையில் வைத்தாகிவிட்டது, விஷம் வைத்தது யார் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். இன்னும் நாலைந்து பக்கத்தில் பேர் வந்துவிடும். இது போனால் இன்னொரு கதைக்கு அவர் இப்படிக் கிடந்து தவிப்பாரா, தெரியாது. மின்விசிறி டக் டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது, அடுப்பில் குக்கர் முதல் விசிலுக்கு முனகிக்கொண்டிருந்தது, ரசம் இறக்கியாயிற்று, அப்பளம் பொரித்தாயிற்று. “ம்” என்றார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். “ம்.” ஜன்னலில் அணில் ஓடியது, அதைப் பார்த்தாள். “ம். ம்.” அந்த இடது கை தலையணை விளிம்பில் மோதிர விரலால் தட்ட ஆரம்பித்தது. பஞ்சில் சத்தம் வரவில்லை, ஆனாலும் அவளுக்கு டங் டங் என்றுதான் கேட்டது. முழங்காலில் ரசம் சுட்ட இடம் குறுகுறுத்தது. எத்தனை வயசானாலும் இந்த விரல் தட்டினால் தன் கால் தானாக எழுந்திருக்கப் பார்க்கிறதே என்று தன் மேலேயே வெறுப்பாக வந்தது, தொடையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“என் பேரைச் சொல்லுங்க. திருப்புதேன்” என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பட்டனைப் பார்த்தார். “சங்கரவடிவு முழுசா வேண்டாம். வடிவு. ரெண்டு எழுத்து போதும்.” மூன்று எழுத்து என்று பிறகுதான் உறைத்தது, பரவாயில்லை, பேரம் பேசும்போது குறைத்துச் சொல்வதுதானே வழக்கம். அவர் நெற்றியில் வேர்வை பூத்தது. வாய் கோணியது. வருகிறது, வருகிறது, இதோ உதடு பல்லில் படுகிறது, வ-வுக்கு அப்படித்தான் படும், எஸ்தர் சொல்லியிருக்கிறாள். அவள் தன்னையறியாமல் வாயைத் திறந்து வ என்று காட்டினாள், பரணிக்குச் சோறு ஊட்டும்போது தானும் வாயைத் திறப்பாளே, அந்த மாதிரி. “ம்” என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார். அப்போது வாசலில் பெல் அடித்தது, சிலிண்டர் அம்மா என்று குரல் கேட்டது. யோசிச்சு வைங்க, வாரேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சிலிண்டர்காரன் உருட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்தினான், ஐயா எப்படி இருக்காக என்று கேட்டான், காலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். கதவைச் சாத்திவிட்டு அவள் வெறுங்காலோடு திரும்ப வந்தாள். கோபம் கொஞ்சம் அடங்கியிருந்தது. பாவம், முயற்சி பண்ணத்தான் செய்தார், உதடு பல்லில் பட்டதே, சரி, இன்றைக்கு வ மட்டும் வந்தால்கூடப் போதும் என்று வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அறைத் திரையை ஒதுக்கப் போனவள், இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவருடைய இடது கை சிலேட்டின் மேல் இருந்தது. ஐந்து விரலையும் விரித்து, வண்டி ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரி, ஒரே திருப்பு. தடுமாற்றம் இல்லை. எழுத்துகள் சுற்றி நின்றன. பட்டன் இடது ஓரத்துக்கு வந்தது, கட்டைவிரல் தேடாமல் போய் அதன்மேல் உட்கார்ந்தது. அமுக்கினார். வாசித்தார். அமுக்குவதற்கு முன்னால் ம் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், யாரிடம். நடுவில் அந்தக் கையாலேயே மூக்கைச் சொறிந்துகொண்டு மறுபடி பட்டனுக்குப் போனார். முகத்தில் அப்படி ஒரு சொகுசு. குக்கர் விசில் அடித்தது. உடனே தலையைத் தூக்கிக் கேட்டார், அவள் அடுப்பை அணைக்க வருவாள் என்று தெரியும்போல, கீழ்ப் பட்டனை இரண்டு தரம் அமுக்கி விட்ட இடத்துக்கே வந்தார், அதே திருப்பில் சிலேட்டைப் பழையபடி திருப்பினார், தலையணை நடுவில் ஒழுங்காக வைத்தார், கையை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டார். “ம்” என்று கூப்பிட்டார்.

கிணறு நினைவுக்கு வந்தது அவளுக்கு. பூங்கொடியைக் கிணற்றிலிருந்து இறக்கினது யார் என்று இவருக்குத் தெரியும். காய்காரியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வாசித்திருக்கிறார், குளிக்கப் போன நேரத்தில், கோயிலுக்குப் போன நேரத்தில், மாசக்கணக்காக. ஒருநாள் சிலேட்டு சரிந்து விழுந்து தானாகத் திரும்பியிருக்கும், கண்டுபிடித்திருப்பார், கெட்டிக்காரர்தானே. தெரிந்துவைத்துக்கொண்டே அவள் உட்கார்ந்த நேரமெல்லாம் ம் ம் என்று வளைய வைத்திருக்கிறார். அதுகூடப் போகட்டும், அவளும்தான் மறைத்தாள், இரண்டு பேரும் திருடர்கள், அதற்கு இது சரியாகப் போயிற்று. அவளுக்கு ஆறாதது அது இல்லை. அந்தக் கை. பீச்சாங்கை. அந்தக் கை புத்தகத்தைத் தொட்டது, சரஸ்வதி ஒன்றும் சொல்லவில்லை, வீடு இடிந்து விழவில்லை, அவர் முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. அப்படியானால் அன்றைக்கும் தொட்டிருக்கலாமே. செம்பில் சாய்த்த புத்தகத்தை இடது கையால் ஒரு தட்டுத் தட்டித் திருப்பியிருக்கலாமே, காய்ச்சலில் நின்றாளே அன்றைக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளே அன்றைக்கு. நாலு பக்கம். முடியாமல் இல்லை. வேண்டாமென்றுகூட இல்லை. அவள் நிற்பது சொகுசாக இருந்தது, அவ்வளவுதான். இந்தக் கையால் ஸ்பூனையும் பிடித்திருக்கலாம். மூணு வேளையும் இந்த வாயைத் திறந்து திறந்து காட்டி ஊட்டினாளே. திரைத் துணியைப் பிடித்தபடி நின்றவள் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, பசிதான் வந்தது. ஆச்சரியமாக இருந்தது, அப்படி ஒரு பசி.

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். “ம்” என்றார். முக்காலியில் உட்காராமல் சிலேட்டை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், அவருக்கு எதிரே, அந்தக் காலத்தில் நின்ற மாதிரி எதிரே நின்றாள். முதல் தடவையாக அதை வலது கையில் பிடித்தாள். கட்டைவிரல் தானாகப் போய்ப் பட்டன்மேல் உட்கார்ந்தது. அமுக்கினாள், மூட்டு வலிக்கவே இல்லை. அடடா, பிடிக்க வேண்டியவள் பிடித்தால் இவ்வளவு இதமா என்று இருந்தது, செய்தவனை இத்தனை நாள் வீணாகத் திட்டிவிட்டோம். இன்னும் நாலு தரம் அமுக்கியதும் இன்ஸ்பெக்டர் பேரைச் சொன்னார். அமுக்கினாள். பூங்கொடி எழுந்து நின்றாள். அமுக்கினாள். அவர் ம் என்றார், ம்ஹூம் என்றார், எழுத்து அவருக்குத் தலைகீழாகக்கூடத் தெரியவில்லை, சிலேட்டின் முதுகுதான் தெரிந்தது. அவள் உதட்டை அசைத்து, அவசரப்படாமல், கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். “யாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றாள். அவர் கண்ணில் கேள்வி நின்றது. “உங்களுக்கு எதுக்கு?” என்றாள். கட்டிலைச் சுற்றிக் கால்மாட்டு வழியாகச் சாய்ந்து, அவருடைய வலது தொடைக்கும் சுவருக்கும் நடுவில் சிலேட்டை வைத்து, செத்துக் கிடக்கிற வலது கையை எடுத்து அதன்மேல் போட்டு, கட்டைவிரலைப் பிரித்துப் பட்டன்மேல் பதமாக உட்கார வைத்தாள். இடது கை பாய்ந்து வந்தது, வயிற்றைத் தாண்டி வர முடியவில்லை, வலப்பக்கம் சரிந்தால் அவரால் நிமிர முடியாது, அது அவருக்கும் தெரியும். “வலது கையாலயே திருப்புங்க. சரஸ்வதில்லா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அவருக்கு முன்னால் அவள் சாப்பிட உட்கார்ந்தது இல்லை. சோற்றைக் குழித்து ரசம் ஊற்றிப் பிசைந்தாள், கொஞ்சம் ஆறியிருந்தது, பரவாயில்லை. உள்ளே ம் என்றது. பிறகு ம் ம் என்றது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும். இரண்டாவது கவளத்தை உருட்டும்போது கூப்பிட்டார். வடிவு என்று கூப்பிட்டார். வ கொஞ்சம் வழுக்கிற்று, மற்றபடி பேர்தான், யார் கேட்டாலும் பேர் என்றுதான் சொல்வார்கள். அவள் கை நின்றது. எங்கே இருந்தது இத்தனை நாளும் என்று நினைத்தாள், இருந்திருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் மனசில்லை. பிறகு அப்பளத்தை எடுத்துச் சோற்றில் நொறுக்கினாள். “வடிவு” என்று மறுபடி கேட்டது, முன்னைவிடத் தெளிவாக, அழுகிற குரலில். பயிற்சி நன்றாக வேலை செய்கிறது, எஸ்தரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டாள்.